இருட்டுப் பக்கத்திலும் ஒளிரும் பச்சைக் கோள்: எலைட் டேஞ்சரஸில் நேற்று இரவு கண்டது

வான்வழி

மூன்று மாதமாக எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் பால்வெளியின் ஓரம் பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறேன். நம் சூரியனிலிருந்து இப்போது ஏறத்தாழ 22,000 ஒளியாண்டு. நேற்று இரவு, இன்னும் ஒரே ஒரு தாவல் (ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாய்வது), அதன் பிறகு தூக்கம் என்று முடிவு செய்து தாவிய இடத்தில் அது இருந்தது.

கே வகை ஆரஞ்சு நட்சத்திரம், ஒன்பது கோள்கள். அந்த நட்சத்திரத்தில் மட்டும் முதலில் கண்டவர் என்று வேறொருவரின் பெயர் இருக்கிறது. கோள்கள் எதிலும் யார் பெயரும் இல்லை. வழக்கம்போல், கோள்களைத் தொலைவிலிருந்தே ஒலியாலும் படத்தாலும் காட்டும் அலைமாலை ஸ்கேனரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் மூன்று பாறைக் கோள்கள், பிறகு ஒரு பனிக்கோள். அடுத்ததாக வாயுப் பெருங்கோளுக்கே உரிய அந்தக் கனத்த ரீங்காரம் கேட்டது. அதன் மேல் குறிவைத்துப் பெரிதாக்கியபோது திரை முழுவதும் பச்சை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

நட்சத்திரத்திலிருந்து 2,340 ஒளிநொடி தொலைவில் இருக்கிறது. பறந்து அருகே போனேன். எந்தப் பச்சை என்று சொல்லச் சொல் தேடுகிறேன். இலைப்பச்சை இல்லை, கிளிப்பச்சை இல்லை, மரகதம் என்றால் அதில் ஓர் ஆழம் இருக்கும், இதில் அது இல்லை. மின்மினியின் வயிற்றில் எரியுமே, அந்தப் பச்சை. பட்டை பட்டையாக, நடுக்கோட்டில் அடர்ந்தும் துருவங்களை நோக்கி மங்கியும் போகிறது. இரவுப் பக்கத்துக்குக் கப்பலைத் திருப்பினேன். வழக்கமாக வாயுக் கோள் அங்கே கரிய வட்டமாகத்தான் தெரியும், பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் மறைவதை வைத்துத்தான் அதன் விளிம்பைக் கண்டுகொள்ள முடியும். இது இருட்டிலும் எரிந்துகொண்டிருக்கிறது. பகலும் இரவும் பிரியும் கோடு அந்தப் பச்சையை வெட்டவே இல்லை.

இதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோள் இருக்கும் இடத்தை இப்போது சொல்ல மாட்டேன், தரவை விற்ற பிறகு சொல்கிறேன்.

துருவன்

வாழ்த்துகள் நண்பரே. ஆனால் இது புதிய வகை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் ஒளிரும் பச்சைப் பெருங்கோள்களைப் பல ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் கண்டு பட்டியல் போட்டு வருகிறார்கள். 2018 டிசம்பரில் கோடெக்ஸ் என்ற கண்டுபிடிப்புப் பட்டியல் ஆட்டத்துக்குள் வந்தபோது பச்சை வாயுக் கோள்களுக்கென்று அதில் தனிப் பதிவுகளே சேர்க்கப்பட்டன. அரிதானவைதான், சந்தேகமில்லை. நான் 2015 முதல் ஆடுகிறேன். என் கண்ணில் ஒன்றுகூடப் பட்டதில்லை.

ஆனாலும் இந்த நிறத்துக்குக் காரணம் தேடி வானியல் புத்தகத்தைப் புரட்டுவது வீண்வேலை என்பது என் கருத்து. நிறத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் ஓர் எண் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அதன் விளைவுதான் இது.

இளம்பிறை

நான் ஆட்டத்துக்குப் புதிது. ஒரு சந்தேகம். இடத்தை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? அதைக் கண்டுபிடித்தவர் அவர்தானே?

வான்வழி

கண்டவர் பெயர் பதிவாவது கண்ட நொடியில் இல்லை, இளம்பிறை. ஸ்கேன் செய்த தரவு என் கப்பலில்தான் இருக்கிறது. அதை ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோய் யுனிவர்சல் கார்ட்டோகிராஃபிக்ஸ் என்ற தரவு வாங்கும் அமைப்பிடம் விற்றால்தான் கோளின் மேல் பெயர் ஏறும். இடையில் கப்பல் வெடித்தால் மூன்று மாதத் தரவும் அதோடு போய்விடும். வேறொருவர் இதற்குள் அங்கே போய் ஸ்கேன் செய்து எனக்கு முன்னால் விற்றுவிட்டால் அவர் பெயர்தான் நிற்கும். அது விதி, அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் நானே வழிகாட்டிப் பலகை நட்டுவைக்க வேண்டியதில்லை அல்லவா?

என் கப்பல் ஒரு தாவலில் 65 ஒளியாண்டு போகும். மனிதர் வாழும் பகுதிக்கு இங்கிருந்து 340 தாவல் ஆகும்.

ஊசிமுனை

துருவன் சொன்னதில் பாதிதான் சரி. நான் நிரல் எழுதிப் பிழைப்பவன், கணினி வரைகலையில் கொஞ்சம் பழக்கம் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், இது வான்வழியின் கணினியில் நேர்ந்த கோளாறு அல்ல. இந்த ஆட்டத்தில் ஏறத்தாழ 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகள் இருக்கின்றன. யாரும் அவற்றை உட்கார்ந்து வரையவில்லை. நிஜ வானியல் அட்டவணைகளிலிருந்து எடுத்துச் சேர்த்தவை ஒன்றரை லட்சம் சொச்சம்தான். மற்ற அனைத்தையும் ஸ்டெல்லர் ஃபோர்ஜ் என்ற நிரல் கணக்குப் போட்டு உருவாக்குகிறது. அந்தப் பகுதியில் எவ்வளவு பொருண்மை இருக்கிறது, அதில் எவ்வளவு நட்சத்திரத்துக்குப் போனது, மிச்சம் எப்படித் திரண்டது, எவ்வளவு வெப்பம் என்று படிப்படியாகப் போகும். தொடக்க எண் ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாகத்தான் வரும். எனவே நாளை நீங்களோ நானோ அங்கே போனாலும் அதே கோள், அதே பட்டைகள், அதே பச்சை. 22,000 ஒளியாண்டுக்கு அப்பால் யாரும் எட்டிப் பார்க்காத காலத்திலும் அது பச்சையாகவே இருந்தது. கணக்கின் வழியாகப் பார்த்தால் அதற்கு இருப்பு உண்டு.

இந்த வழக்கம் பழையது. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் முதல் எலைட்டை எழுதியபோது பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கணினியில் இருந்தது 32 கிலோபைட் நினைவகம். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரங்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. ஓர் எண் வரிசையை ஓடவிட்டு, தேவைப்படும்போது தேவைப்படும் நட்சத்திரத்தைப் பிறப்பித்தார்கள். இன்றைய ஆட்டமும் அந்த மரத்தின் கிளைதான்.

அப்படிப்பட்ட ஒரு கணக்கு எழுதியவரே எதிர்பாராத ஒன்றைக் கொடுத்தால் அதை உடனே பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்தைச் சுற்றி ஏழு பாறைக் கோள்கள் இருப்பதாக அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? ஸ்டெல்லர் ஃபோர்ஜ் அதற்கு முன்பே கிட்டத்தட்ட அதே இடத்தில் பழுப்புக் குள்ளன் என்ற மிக மங்கிய விண்மீன் ஒன்றையும் அதைச் சுற்றி ஏழு பாறைக் கோள்களையும் வைத்திருந்தது. ஆட்டத்தைத் தயாரிக்கும் ஃபிரான்டியர் நிறுவனம் அதைச் சற்றுத் திருத்தி டிராப்பிஸ்ட்-1 என்று பெயர் மாற்றியது. அந்த அளவுக்குப் பொருண்மையும் அந்த அளவுக்கு வெளிச்சமின்மையும் இருந்தால் என்ன உருவாகும் என்ற கணக்கு சரியாகப் போடப்பட்டிருந்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நிரல் கொடுக்கும் வியப்புகள் எல்லாமே பிழைகள் அல்ல.

துருவன்

டிராப்பிஸ்ட் இயற்பியல் கணக்கில் வந்தது. இது சாயம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நிறமாலை

தாமதமாக வருகிறேன். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, நிஜத்தில் ஒரு வாயுப் பெருங்கோள் பச்சையாக இருக்க முடியுமா என்று பார்ப்போம். அது தெரிந்தால்தான் துருவன் சொல்லும் சாயம் எவ்வளவு தூரம் பொய் என்பதை அளக்க முடியும்.

ஆட்டத்தில் வாயுக் கோள்களை ஒன்று முதல் ஐந்து வரை வகுத்திருப்பது டேவிட் சுடார்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த நிஜமான வகைப்பாடு. அதற்கு அடிப்படை வெப்பநிலை. குளிர்ந்த முதல் வகையில் அம்மோனியா மேகங்கள், வியாழன்போல. இரண்டாம் வகையில் நீர் மேகங்கள், வெள்ளை வெளேரென்று இருக்கும். மூன்றாம் வகையில் மேகமே இல்லை, மங்கிய நீலம். நான்காம் வகை சோடியமும் பொட்டாசியமும் ஒளியை விழுங்குவதால் இருண்டது. ஐந்தாம் வகை 1,400 கெல்வினுக்கு மேல், அங்கே மேகங்களே சிலிக்கேட்டும் இரும்பும். இந்த வரிசையில் பச்சைக்கு இடமில்லை.

நிஜக் கோள்களிலும் பச்சை அபூர்வம். எச்டி 189733 பி என்ற கோள் ஆழ்ந்த நீல நிறம் கொண்டது என்று 2013இல் ஹபிள் தொலைநோக்கி வழியாகத் தெரிந்தது. டிரெஸ்-2பி தன் மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை, கரியைவிடக் கருப்பு. பச்சைக்கு மிக அருகே வருவது நம் வீட்டு யுரேனஸ்தான். அதன் மீத்தேன் சிவப்பை விழுங்கிவிடும், மிஞ்சுவது நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறம். 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. வாயேஜர்-2 அனுப்பிய படங்களைப் பார்த்து நெப்டியூன் அடர்நீலம் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். உண்மையில் அது யுரேனஸை ஒத்த வெளிர் நிறமே, படத்தைக் கூர்மையாக்கியபோது நீலம் ஏறிவிட்டது. அத்துடன், யுரேனஸின் ஒரு துருவம் சூரியனை நோக்கி நிற்கும் பருவத்தில் அது சற்றுப் பச்சையாகத் தெரிவதற்கும் விளக்கம் சொன்னார்கள். துருவப் பகுதியில் மீத்தேன் குறைவு, மேலே பனித்துகள் மூட்டம்.

இவை அனைத்தும் பிற ஒளியைத் திருப்பும் நிறங்கள். வான்வழி சொல்வது இருட்டில் தானே ஒளிரும் நிறம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சூட்டினால் ஒளிரும் பொருள் ஒருபோதும் பச்சையாகத் தெரியாது. முதலில் சிவக்கும், பிறகு மஞ்சள், பிறகு வெண்மை, பிறகு நீலம். நம் சூரியன் மிக அதிகமாக ஒளி வீசுவது பச்சைக்கு அருகில்தான், ஆனால் மற்ற நிறங்களும் உடன் வருவதால் வெண்மையாகவே தெரிகிறது. பச்சை நட்சத்திரம் இல்லாததற்கு அதுதான் காரணம். ஆகவே அந்தக் கோள் சூட்டினால் ஒளிரவில்லை.

மிஞ்சுவது அணுக்களும் மூலக்கூறுகளும் தனித்த அலைநீளத்தில் விடும் ஒளி. பூமியின் துருவ ஒளியில் தெரியும் பச்சை ஆக்சிஜன் அணுவுடையது, 557.7 நானோமீட்டர். செவ்வாயின் பகல் வானிலும் அதே பச்சை மங்கலாக ஒளிர்வதை ஐரோப்பாவின் ஆய்வுக்கலம் கண்டு 2020இல் அறிவித்தார்கள். ஆனால் வாயுப் பெருங்கோளில் தனி ஆக்சிஜன் தங்காது. ஹைட்ரஜன் சும்மா விடாது, நீராக்கிவிடும். ஹைட்ரஜனே ஒளிர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது சிவப்பும் இளஞ்சிவப்பும்தான். இன்னொரு வழி, இரண்டு கார்பன் அணுக்கள் கைகோத்த மூலக்கூறு. வால்மீன்களின் தலை பச்சையாக இருப்பது அதனால்தான். சூரிய ஒளி பட்டால் வெகுதூரம் போவதற்குள் சிதைந்துவிடும் என்பதால் வாலுக்கு அந்தப் பச்சை போய்ச்சேருவதில்லை. ஒரு கோள் முழுவதும் அது நிலைத்திருக்க வாய்ப்பில்லை.

எனவே என் விடை: திருப்பிய ஒளியில் பச்சை கலந்த நிறம் இயலும், இப்படிக் கொழுந்துவிட்டு எரியும் பச்சை இயலாது. ஆனால் ஒன்று. 2020 டிசம்பர் 30 அன்று ஜூனோ விண்கலம் வியாழனின் வடதுருவத்துக்கு அருகே பறந்தபோது, ஒரு சுழலின் நடுவே பச்சையாக ஒளிர்ந்த புள்ளி படத்தில் பதிவாகியிருந்தது. அது மின்னல். கருநீல மேகச் சுழலுக்குள் ஒற்றைப் பச்சைப் பொட்டு. அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

இளம்பிறை

வான்வழி, உங்கள் கோள் எந்த வகை? உயிர் உள்ள வாயுக் கோள்கள் என்று ஆட்டத்தில் உண்டே, அப்படி இருந்தால் இந்த ஒளி உயிர்களால் வரலாம் இல்லையா?

வான்வழி

நீர் அடிப்படை உயிர் கொண்ட வாயுக் கோள் என்றுதான் காட்டுகிறது. இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், பரபரப்பில் விட்டுப்போயிற்று.

நிறமாலை

அப்படியென்றால் கதை இன்னும் சுவையாகிறது. ஆட்டத்தில் அந்த வகைக் கோளின் விவரணையே, மேல் வளிமண்டலத்தில் வாழும் உயிர்களால் பளிச்சென்ற நிறங்கள் வரும் என்றுதான் சொல்கிறது. இதற்கும் வேர் நிஜ அறிவியலில் உண்டு. 1976இல் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் வியாழனின் காற்றில் எப்படிப்பட்ட உயிர்கள் பிழைக்க முடியும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நிற்கத் தரையே இல்லாத உலகம் அது. கீழே விழுந்தால் வெப்பத்தில் கருகிவிடும். ஆகவே விழுவதற்குள் இனம் பெருக்கிவிடும் நுண்ணுயிர்கள் வேண்டும், அல்லது பலூன்போல மிதக்கும் பேருயிர்கள் வேண்டும், அவற்றைத் தின்னும் வேட்டை உயிர்களும் இருக்கலாம் என்று கணக்கோடு எழுதினார்கள். ஊகம்தான், ஆனால் சிரத்தையான ஊகம்.

மின்மினியின் பச்சை என்றீர்களே, அதையே பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன். மின்மினி எரிவது சூட்டினால் அல்ல, வேதிவினையால். உயிர் ஒளி என்றால் சூடும் வேண்டாம், தனி ஆக்சிஜன் வளிமண்டலம் முழுக்கப் பரவியிருக்கவும் வேண்டாம். மற்ற எல்லா வழிகளும் அடைபட்ட இடத்தில் இது ஒன்றுதான் திறந்திருக்கிறது.

துருவன்

நிறமாலையின் பதிவை இரண்டு முறை படித்தேன். அழகான வாதம். ஆனால் பச்சைக் கோள்கள் உயிருள்ள வகையில் மட்டும் கிடைக்கவில்லையே. கோடெக்ஸைத் திறந்து பாருங்கள், முதல் வகை, மூன்றாம் வகை என்று உயிரே இல்லாத கோள்களுக்கும் பச்சைப் பதிவு இருக்கிறது. உயிர்தான் காரணம் என்றால் அங்கே யார் விளக்கேற்றியது?

நிறமாலை

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல கேள்வி.

ஊசிமுனை

வான்வழி, ஒரு சோதனை செய்வீர்களா? அந்தக் கோளுக்கு இறங்கக்கூடிய நிலவு இருந்தால், கோள் வானில் தெரியும் பக்கமாக இரவில் இறங்குங்கள். கப்பல் விளக்குகளை அணைத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். நிரல் அந்தப் பச்சையை ஒளியாக நடத்துகிறதா, வெறும் மேற்பரப்பு நிறமாக நடத்துகிறதா என்பது தெரிந்துவிடும்.

வான்வழி

நேற்று இதற்காகவே ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன்.

நிலவுகள் ஐந்து. நான்காவது பாறை நிலவு, காற்று இல்லை, ஈர்ப்பு பூமியில் பத்தில் ஒரு பங்கு. மூன்று மாதத் தரவு கப்பலில் இருக்கிறது என்ற பயத்தில் இறங்குவதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் இறக்கிவிட்டு, வெளியே நடந்தேன். எல்லா விளக்கையும் அணைத்தேன்.

கோள் அடிவானத்துக்கு மேல் பாதி எழுந்து நின்றது. கையை நீட்டினால் இரண்டு உள்ளங்கையாலும் மறைக்க முடியாத அகலம். மலைமுகடுகள் அதன் முன்னால் கத்தரித்த கருப்புக் காகிதம்போல நின்றன. முகட்டில் இருந்த ஒவ்வொரு பாறையின் விளிம்பும் அந்தப் பச்சையின் மேல் துல்லியமாகத் தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்து தரையைப் பார்த்தேன். கருப்பு. என் காலடியில் ஒரு கூழாங்கல்கூடப் பச்சையாக இல்லை. இரண்டடி முன்னால் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு எரியும் ஒன்று, ஆனால் ஒரு துளி ஒளிகூடக் கீழே விழவில்லை.

ஆகவே துருவன், உங்கள் பக்கத்துக்கு ஒரு சான்று. நேர்மையாகச் சொல்கிறேன்.

ஆனால் நான் உடனே கப்பலுக்குத் திரும்பவில்லை. அந்த நிலவு தன்னைத்தானே சுற்றும் வேகத்தில் கோள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முழுதாக எழும் வரை அங்கேயே நின்றேன்.

ஊசிமுனை

நினைத்ததுதான். இந்த ஆட்டத்தில் தரைக்கு ஒளி தருவது நட்சத்திரங்கள் மட்டும். கோள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விளக்காகக் கணக்கில் வராது. வெள்ளை வெளேரென்ற நீர்மேகக் கோளின் நிலவிலும் உங்களுக்குக் கும்மிருட்டுதான் கிடைத்திருக்கும். எனவே இந்தச் சோதனை துருவனுக்குச் சாதகமும் அல்ல, பாதகமும் அல்ல. சோதனையைச் சொன்ன நானே இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். உங்கள் மாலையை வீணாக்கியதற்கு வருந்துகிறேன்.

வான்வழி

வீணா? ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து இதுபோல் ஒரு மாலை எனக்குக் கிடைத்ததில்லை.

நங்கூரம்

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரு கேரியர், அதாவது மற்ற கப்பல்கள் வந்து நிற்கக்கூடிய பெருங்கப்பல், இருக்கிறது. நீங்கள் இருக்கும் திசையை நீங்கள் போட்ட படத்தில் தெரியும் பால்வெளியின் சாய்வை வைத்து உத்தேசமாகக் கணித்தேன், கணிப்பு சரியென்றால் என் கேரியர் உங்களிடமிருந்து 3,000 ஒளியாண்டுக்குள் நிற்கிறது. கார்ட்டோகிராஃபிக்ஸ் சேவையும் உண்டு. 340 தாவலுக்குப் பதிலாக 47 தாவல். நிலையத்தில் விற்பதைவிட உங்களுக்குக் கிடைக்கும் தொகையில் ஒரு பகுதி குறையும், அது கேரியர்களுக்கான பொது விதி, நான் வைத்ததல்ல. பெயர் உடனே ஏறிவிடும். விரும்பினால் தனிச்செய்தியில் இடத்தை அனுப்புகிறேன். பதிலுக்கு உங்கள் இடத்தைக் கேட்க மாட்டேன்.

வான்வழி

நங்கூரம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பணம் எனக்குப் பொருட்டே இல்லை. வருகிறேன்.

துருவன்

வழியில் கவனம். தரவு கையில் இருக்கும்போது நியூட்ரான் நட்சத்திரத்தின் தாரைக்குள் போகாதீர்கள். அடுத்த தாவல் நான்கு மடங்கு நீளும் என்ற ஆசையில் போய் இழந்தவர்கள் பலர். 47 தாவலுக்கு அது தேவையும் இல்லை. இரட்டை நட்சத்திரங்கள் ஒட்டி நிற்கும் தொகுதிகளில் வந்து இறங்கியதும் வேகத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். எரிபொருளை ஒவ்வொரு தாவலிலும் நட்சத்திரத்திலிருந்து அள்ளி நிரப்புங்கள், பாதி இருக்கிறதே என்று விடாதீர்கள்.

நான் நிறத்தைப் பற்றித்தான் வாதாடினேன், கோளைப் பற்றி அல்ல. அது பத்திரமாக வந்து சேர வேண்டும்.

இளம்பிறை

வந்துவிட்டாரா? யாருக்காவது தெரியுமா? மூன்று நாளாகச் சத்தமே இல்லை.

நங்கூரம்

என் கேரியரில் நேற்று இரவு 11 மணிக்கு ஒரு கப்பல் வந்து நின்றது. மீதியை அவரே சொல்லட்டும்.

வான்வழி

விற்றுவிட்டேன். கோளின் மேல் என் பெயர் இருக்கிறது.

31ஆவது தாவலில் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே போய் இறங்கி, வெப்பம் ஏறி, கப்பலின் உடல் 64 சதவீதத்துக்கு வந்தது. துருவன் சொன்னபடி வேகத்தைக் குறைத்தே இறங்கியிருந்ததால் தப்பினேன். அதன் பிறகு மீதி 16 தாவலையும் ஒரே மூச்சில் முடிக்கத் துணிவில்லாமல், நாளுக்கு எட்டாகப் பிரித்துக்கொண்டேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. நட்சத்திரத் தொகுதியின் முழு வரைபடத்தையும் கீழே இணைத்திருக்கிறேன், பெயர் படத்தின் மேல் மூலையில் தெரியும். யார் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நான்காவது நிலவில், நான் நின்ற பள்ளத்தாக்கின் அச்சரேகை தீர்க்கரேகையும் படத்தில் இருக்கிறது.

துருவன்

வான்வழி, அந்த நட்சத்திரத்தின் மேல் இருக்கும் பெயர் என்னுடையது.

ஆட்டத்தில் என் பெயர் வேறு என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. படத்தைப் பார்த்தபோது முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. பழைய பயணக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். 2015 ஆகஸ்ட். என் முதல் நெடும்பயணம். அப்போது ஸ்கேனர்கள் மூன்று வகை. அடிப்படை ஸ்கேனர் 500 ஒளிநொடி வரை காட்டும், இடைநிலை 1,000 வரை, மேம்பட்டது தொகுதி முழுவதையும் காட்டும். மேம்பட்டதின் விலை 15 லட்சம் கிரெடிட் (ஆட்டத்துப் பணம்). என்னிடம் அவ்வளவு இல்லை. இடைநிலை ஸ்கேனரோடு புறப்பட்டேன். அந்தத் தொகுதியில் எனக்குத் தெரிந்தது நட்சத்திரமும் அருகே இருந்த மூன்று பாறைக் கோள்களும்தான். பாறைக் கோள்களுக்குக் காசு வராது என்று அருகே போகாமல், நட்சத்திரத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு அடுத்த தாவலுக்குக் கப்பலைத் திருப்பிவிட்டேன்.

உங்கள் கோள் 2,340 ஒளிநொடியில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பறந்திருந்தால் போதும். அது இருப்பதே எனக்குத் தெரியாது.

பச்சைக் கோள் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை என்று இந்த இழையின் தொடக்கத்தில் எழுதினேன். அதை இப்போது படிக்கும்போது ஒருமாதிரி இருக்கிறது.

நிறமாலை

துருவன், இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத வரவில்லை.

வான்வழி

துருவன், அப்போதே அந்த நட்சத்திரத்தின் பெயரைப் பார்த்து, இவ்வளவு தூரம் நமக்கு முன்னால் ஒருவர் வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். அது நீங்கள் என்று தெரிந்திருந்தால்!

ஒன்று சொல்ல வேண்டும். நான் கோளையும் நான்கு நிலவுகளையும்தான் ஆய்வுக்குண்டுகள் எறிந்து வரைபடமாக்கினேன். ஐந்தாவது நிலவு சிறியது, கோளுக்கு மிக அருகே, வளையத்துக்குச் சற்று வெளியே சுற்றுகிறது. ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். முதலில் வரைபடமாக்கியவர் என்ற இடம் அதில் இன்னும் காலியாக இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கோள் நான் கண்டதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும், வானமே இருக்காது என்று நினைக்கிறேன். இறங்கக்கூடிய நிலவுதான், பார்த்துவிட்டேன்.

துருவன்

இன்று மாலை புறப்பட்டேன். இப்போது என் கப்பலுக்கு ஒரு தாவல் 70 ஒளியாண்டு வருகிறது, 2015இல் அதில் பாதிகூட இல்லை. 22 தாவல் முடிந்தது. கடைசி 2,000 ஒளியாண்டில் எரிபொருள் அள்ள ஏற்ற நட்சத்திரங்கள் இருக்கின்றனவா, அல்லது எரிபொருள் தராத பழுப்புக் குள்ளன்கள்தான் அதிகமா? அன்று எந்த வழியாகப் போனேன் என்பது நினைவில் இல்லை.

வான்வழி

கடைசி 600 ஒளியாண்டில் மட்டும் பழுப்புக் குள்ளன்கள் நெருக்கம். வழித்திட்டத்தில் கே, ஜி, எஃப் வகைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், தாவல் ஐந்தாறு கூடும், தடை வராது. நங்கூரத்தின் கேரியர் இந்த மாதம் முழுவதும் அங்கேயே நிற்குமாம். கப்பலைப் பழுது பார்க்க வேண்டுமானால் அங்கே இறங்கிவிட்டுப் போங்கள்.